பேக்கப் இருக்குல்ல தம்பி?

"பேக்கப் இருக்கா?"ன்னு எந்த ஆபீஸ்ல வேணா போய்க் கேளுங்க. "ஓ... டெய்லி நைட்டு ஓடுது சார்"னு டக்குன்னு பதில் வரும். அதோட நிறுத்திக்கிட்டா எல்லாரும் சந்தோசமா டீ குடிக்கப் போயிடலாம். ஆனா அடுத்த கேள்வி ஒன்னு இருக்கு மக்களே. "அதுலருந்து போன செவ்வாக்கிழமை இருந்த ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் எடுத்துக் குடுங்க பாப்போம்." இதைக் கேட்டதும் ஒரு அமைதி வரும் பாருங்க... ஃபேன் சத்தம் எல்லாம் தெளிவாக் கேக்கும். அப்புறம் "அது வந்து சார், மொத்த மெஷினையும்ல ரீஸ்டோர் பண்ணனும்..."னு இழுப்பாய்ங்க.

நான் பேக்கப் ஆளு கிடையாது. புரோகிராம் எழுதிப் பிழைக்கிற சாதாரண பொட்டி தட்டி. ஆனா வீட்லருந்தே ஆணி புடுங்குற வாழ்க்கை வந்ததுலருந்து, அவனியாபுரத்துல எங்க தெருவுல ஒயர் வச்ச எந்தச் சாமான் மக்கர் பண்ணினாலும் "இஞ்சினியர் தம்பி இருக்காப்லயா?"ன்னு வாசல்ல ஒரு குரல் கேக்கும். வைஃபை, இன்வெர்ட்டர், ஒரு தடவை மிக்ஸி. (நான் படிச்சது கம்ப்யூட்டர்னு சொன்னா, "எல்லாம் கரண்டுதானப்பா"ங்குறாங்க. அதுவும் சரிதான்.) இந்தப் பேக்கப் சமாச்சாரமும் அப்படித்தான் என் தலையில விழுந்துச்சு. அந்தக் கதைக்கு முன்னாடி கொஞ்சம் டெக்னிக்கல் மொக்கை போட்டுக்கிறேன். பொறுத்துக்கங்க, இது இல்லாம கதை புரியாது.

விர்ச்சுவல் மெஷின்ங்கிறது நம்ம ஊரு காம்பவுண்டு வீடு மாதிரி. ஒரு பெரிய சர்வர் பொட்டி, அதுக்குள்ள நாலஞ்சு கம்ப்யூட்டர் குடித்தனம் பண்ணும். ஒவ்வொன்னும் தனக்குன்னு சொந்தமா ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா நினைச்சுக்கிட்டிருக்கும். வெளிய இருக்கிற பெரிய பொட்டிக்கு அந்த டிஸ்க் வெறும் ஒரு பெரிய ஃபைலு, அம்புட்டுத்தான். பேக்கப் மென்பொருள் அந்தப் பெரிய ஃபைலைத்தான் துண்டு துண்டா காப்பி பண்ணி வைக்குது. உள்ள யாரு என்ன சமைக்கிறாங்கன்னு அது பாக்குறதில்ல.

தமிழே தெரியாத ஒரு ஆளு ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் பக்கம் பக்கமா ஜெராக்ஸ் எடுக்கிறாருன்னு வைங்க. வேலை சுத்தமா இருக்கும், ஒரு பக்கம் விடுபடாது. ஆனா "அந்த ஏழாவது கதை எங்க இருக்கு?"ன்னு அவருகிட்ட கேட்டா முழிப்பாரு. தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர் வந்து, அந்த ஜெராக்ஸ் கட்டுல இருக்கிற பொருளடக்கத்தைப் பாத்து, பக்க எண்ணைப் பிடிச்சுத்தான் கதையைத் தேடணும். விண்டோஸ் டிஸ்க்ல அந்தப் பொருளடக்கத்துக்குப் பேரு மாஸ்டர் ஃபைல் டேபிள். எந்த ஃபைலு எந்தத் துண்டுகள்ல சிதறிக் கிடக்குங்கிற ஜாதகம் பூராவும் அதுலதான் இருக்கு. பேக்கப்லருந்து தனி ஃபைலு எடுக்கிறதுன்னா, காப்பி எடுத்து வச்ச டிஸ்கை நிஜ டிஸ்க் மாதிரி திறந்து, அந்தப் பொருளடக்கத்தைப் படிச்சு, வேண்டிய துண்டுகளை மட்டும் பொறுக்கி ஒட்டுறது.

இதை ஆளுக்கொரு விதமாப் பண்றாங்க. வீம் மென்பொருள் பேக்கப் டிஸ்கை சி டிரைவ்ல ஒரு ஃபோல்டரு மாதிரி தொங்கவிட்டுக் காட்டும். மைக்ரோசாஃப்ட்டோட அஸூர்ல ஒரு ஸ்க்ரிப்ட் குடுப்பாங்க. அதை ஓட்டினா டிஸ்க் நம்ம கம்ப்யூட்டர்லயே வந்து ஒட்டிக்கும், 12 மணி நேரம் கெடு. ப்ராக்ஸ்மாக்ஸ்ல 2021 ஏப்ரல்ல வந்த 6.4 பதிப்புலருந்து இந்த வசதி இருக்கு. அது பண்ற வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பின்னாடி ஒரு குட்டி லினக்ஸ் மெஷினைக் கிளப்பி, பேக்கப் டிஸ்கைப் படிக்க மட்டும் அனுமதிச்சு அதுக்குள்ள மாட்டி, உள்ள இருக்கிறதை நமக்குப் பட்டியல் போட்டுக் காட்டும். நமக்கு வேண்டியதை டிக் பண்ணி இறக்கிக்க வேண்டியதுதான். வேலை முடிஞ்சதும் அந்தக் குட்டி மெஷின் தானா அணைஞ்சிடும். (2023 கடைசியில பிராட்காம் விஎம்வேரை வாங்கி, நிரந்தர லைசென்ஸ் விக்கிறதை நிறுத்தினதுக்கப்புறம் நிறைய சின்ன ஆபீஸ்கள் ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் ஒதுங்கிட்டாங்க. நம்ம கதை நாயகன் ஆபீசும் அதுல ஒன்னு.)

மொத்த மெஷினையும் ரீஸ்டோர் பண்றது தப்புன்னு நான் சொல்லல. அதுக்கும் நேரம் வரும். 2022 நவம்பர் 23 காலையில டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி சர்வர்கள்ல ரான்சம்வேர் புகுந்தது ஞாபகம் இருக்கும். அஞ்சு சர்வர், சுமார் 1.3 டெராபைட் டேட்டா பூட்டு போடப்பட்டுச்சுன்னு பின்னாடி நாடாளுமன்றத்துல அரசாங்கம் சொல்லுச்சு. நாட்டுலயே பெரிய ஆஸ்பத்திரிகள்ல ஒன்னு, ஓபி சீட்டுலருந்து டிஸ்சார்ஜ் வரைக்கும் பேப்பரும் பேனாவுமா மாறிப்போச்சு. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர்ல இ-ஹாஸ்பிடல் டேட்டா முழுசும் இருந்துச்சு. அதை எடுத்துப் புது சர்வர்கள்ல போட்டாங்க. பதிவு, அட்மிஷன், டிஸ்சார்ஜ்னு பெரும்பாலான வேலைகள் திரும்ப ரெண்டு வாரம் ஆச்சு.

"ரெண்டு வாரமா?"ன்னு அப்ப நிறையப் பேரு நக்கல் அடிச்சாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. வந்தவன் கைக்கு எட்டாத எடத்துல ஒரு காப்பி இருந்துச்சே, அதுவே பெரிய விசயம். அங்க மொத்தமாத் திரும்பக் கொண்டு வந்தது சரியான வேலை, ஏன்னா அந்த மெஷின்கள்ல காப்பாத்த வேண்டியதுன்னு எதுவும் மிச்சம் இல்ல. ஆனா நம்ம ஆபீஸ்கள்ல நடக்கிறது பெரும்பாலும் இந்த வியாதி இல்ல. மெஷின் குத்துக்கல்லாட்டம் நல்லா ஓடிக்கிட்டிருக்கும். ஒன்பது பேரு வேலை பாத்துக்கிட்டிருப்பாங்க. ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் காணோம். இதுக்குப் போய் மொத்த மெஷினையும் பழைய தேதிக்குத் தள்ளுறது, ஒரு பல்லுல சொத்தைன்னு தாடையையே கழட்டுற வைத்தியம்.

சரி, கதைக்கு வருவோம்.

எங்க பக்கத்துத் தெருவுல ஒரு அண்ணன் கணக்கு எழுதுற ஆபீஸ் வச்சிருக்காரு. கீழ ஆபீஸ், மாடியில வீடு. கீழமாசி வீதி பருப்பு மண்டியிலருந்து விளக்குத்தூண் ஜவுளிக்கடை வரைக்கும் நிறைய வியாபாரிகளோட டேலி கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் அங்கதான். ஒன்பது பேரு வேலை பாக்குறாங்க. ஒரு சர்வர், அதுக்குள்ள ஒரு விண்டோஸ் மெஷின், அதுல எல்லாருக்கும் பொதுவான ஒரு ஃபோல்டரு. தினம் ராத்திரி 11 மணிக்கு மாடியில இருக்கிற இன்னொரு பொட்டிக்கு பேக்கப் போகும். சர்வரை வித்துட்டுப் போன ஆளு, கடைசி 7 நாள் காப்பி மட்டும் இருக்கிற மாதிரி அமைச்சுக் குடுத்துட்டுப் போயிருந்தாரு. எட்டாவது வந்தா முதலாவது அழிஞ்சிடும்.

2025 பொங்கல். ஜனவரி 14 எங்க ஊர் ஜல்லிக்கட்டு. தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதுக்கு மறுநாள் அலங்காநல்லூர், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். வெளியூர்ல இருக்கிறவங்களுக்குத் தெரியாதது, அந்த வாரம் இந்தப் பக்கம் ஆபீஸ் நடத்துறது எம்புட்டுக் கஷ்டம்ங்கிறது. தெருவுக்குத் தெரு தடுப்பு, காளைகளை ஏத்திக்கிட்டு வர்ற வண்டி வரிசை, சொந்தக்காரக் கூட்டம். அண்ணன் 13ம் தேதி ராத்திரியோட ஆபீஸைப் பூட்டிட்டாரு. அந்த மாசம் ஜிஎஸ்டிஆர் ஒன்னுக்கு 13 வரைக்கும் கெடு நீட்டிச்சிருந்தாங்க, அதனால அன்னிக்கு ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அத்தனை பேரும் விழுந்து விழுந்து பில்லு ஏத்தியிருக்காங்க. அப்புறம் ஆபீஸ் திறந்தது 19ம் தேதி ஞாயித்துக்கிழமை, அடுத்த ரிட்டர்ன் வேலைக்காக.

மத்தியானம் ஒரு மணிக்கு ஆள் விட்டுக் கூப்பிட்டாங்க. போனா ஆபீஸே இழவு வீடு மாதிரி இருக்கு. ஒரு பருப்பு மண்டியோட கம்பெனி ஃபோல்டரைக் காணோம். ரெண்டு வருசக் கணக்கு. உசிலம்பட்டி பக்கத்துலருந்து பஸ்ல வர்ற ஒரு பொண்ணு, சேந்து மூனு மாசம்தான் ஆகுது, ஓரமா நின்னு அழுதுக்கிட்டிருக்கு. காணோம்னு முதல்ல சொன்னது அந்தப் பொண்ணுதானாம். அதனால தொலைச்சதும் அதுதானாம். என்னா கணக்குப் பாருங்க. கணக்கு எழுதுற ஆபீஸ்ல!

ரீசைக்கிள் பின்ல பாத்தீங்களான்னு கேட்டேன். பாத்துட்டோம்னாங்க. நெட்வொர்க் வழியா பொது ஃபோல்டர்ல அழிச்சது அதுக்குள்ள போகாதுன்னு அவங்களுக்குத் தெரியல, நானும் அந்த நேரத்துல வகுப்பெடுக்கல. அடுத்து சர்வர் பூரா தேடினேன். ஒரு ஃபோல்டரை இழுத்துட்டுப் போய் இன்னொன்னுக்குள்ள தெரியாமப் போடுறதுதான் உலகத்துலயே அதிகமா நடக்கிற "காணாமப் போன" கேஸு. இங்க அதுவும் இல்ல.

"தம்பி, நேத்து ராத்திரி பேக்கப் இருக்குல்ல? அதைத் தூக்கிப் போட்டு விட்ருங்க"ன்னாரு அண்ணன்.

"போட்டா இன்னிக்குக் காலைலருந்து இவங்க ஒன்பது பேரு ஏத்தினது போயிடும்ணே."

"போனாப் போகுது, மறுபடி ஏத்திக்கிருவாங்க."

நல்லவேளை, டைரியில எழுதி வச்சிருந்த பாஸ்வேர்டைத் தேடி எடுத்துக் குடுத்தாரு. உள்ள போய் நேத்து, அதாவது 18ம் தேதி பேக்கப்பை அழிக்காம கொள்ளாம சும்மா திறந்து மட்டும் பாத்தேன். அந்த ஃபோல்டர் அதுலயும் இல்ல! அண்ணன் சொன்ன மாதிரி மொத்த மெஷினையும் தள்ளியிருந்தா, ஒன்பது பேரு வேலையும் போயிருக்கும், ஃபோல்டரும் வந்திருக்காது. 17 திறந்தேன், இல்ல. 16, 15, 14 இல்ல. 13 ராத்திரி பேக்கப்லயும் இல்ல. ஆபீஸ் பூட்டிக் கிடந்த அஞ்சு ராத்திரியும் அந்தப் பொட்டி ரொம்ப விசுவாசமா "ஒன்னுமில்லை"யைப் பத்திரமா எடுத்து வச்சிருக்கு. எடுத்து வச்சதோட, ஒவ்வொரு ராத்திரியும் ஒரு நல்ல காப்பியைத் தூக்கி வெளிய போட்டிருக்கு.

கடைசியா மிச்சம் இருந்தது 12ம் தேதி. திறந்தேன். இருந்துச்சு!

அன்னிக்கு ராத்திரி 11 மணிக்கு அடுத்த பேக்கப் ஓடினா இந்த 12ம் தேதி காப்பி அழிஞ்சிருக்கும். மணி அப்ப மத்தியானம் ஒன்னே முக்கால். ஃபோல்டரை இறக்குறதுக்கு முன்னாடி, அந்தக் காப்பி பக்கத்துல இருக்கிற கேடயப் படத்தை அமுக்கினேன். அதை அமுக்கிட்டா அந்தக் காப்பியைத் தானா அழிக்காது. இந்த மாதிரி கேஸ்ல முதல் வேலை இதுதான் மக்களே. மீட்கிறதுக்கு முன்னாடி, மீட்க வேண்டியது அழியாமப் பாத்துக்கணும்.

டேலி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எண்ணுல ஒரு ஃபோல்டரு. உள்ள நிறைய ஃபைலு, ஒன்னோட ஒன்னு பின்னிக் கிடக்கும். அதுல ஒரு ஃபைலை மட்டும் பழைய தேதியிலருந்து கொண்டு வந்து மத்ததோட சேத்தா சேராது. ஃபோல்டரா எடுத்தா முழுசா எடுக்கணும். ராத்திரி 11 மணிக்கு எல்லாரும் டேலியை மூடிட்டுப் போன நேரத்துல எடுத்த காப்பிங்கிறதால அரைகுறையா இருக்காதுன்னு ஒரு நம்பிக்கை. ஜிப்பா இறக்கி, பழைய எடத்துல போடாம தனியா ஒரு எடத்துல விரிச்சேன். "நீயே திறந்து பாரும்மா"ன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேன். அந்த மண்டிக் கணக்கு அதோட கையில இருக்கிறது, சரியா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? அது கண்ணைத் துடைச்சுக்கிட்டு உக்காந்து, மண்டிக்காரருக்கு 10ம் தேதி வாட்ஸப்ல அனுப்பின லெட்ஜரை வச்சு பாக்கித் தொகையை ஒவ்வொன்னா ஒப்பிட்டுச்சு. எல்லாம் சரியா இருந்துச்சு. அப்புறம்தான் பழைய எடத்துக்கு நகத்தினேன். ஜிப்பா இறக்கினா யாரு யாரு திறக்கலாம்ங்கிற அனுமதி கூட வராது, அதைக் கையால திரும்பப் போட வேண்டியிருந்துச்சு. 13ம் தேதி அந்த மண்டிக்கு ஏத்தின பில்லு மட்டும் இதுல இருக்காது. அங்க இருந்த ஒரு அக்கா காகிதத்தை வச்சு ஒரு மணி நேரத்துல ஏத்தி முடிச்சாங்க. மத்த வியாபாரிகள் கணக்குல ஒரு புள்ளி கூட அசையல.

இதெல்லாம் முடிஞ்சப்புறம் அந்தப் பொண்ணு முதல் தடவையா வாயைத் திறந்துச்சு. "அண்ணே, 12 ராத்திரி இருக்கு, 13 ராத்திரி இல்லைன்னா, 13ம் தேதிதான போயிருக்கணும்? நான் 13 லீவுண்ணே. 11ம் தேதி சாயங்காலமே ஊருக்குப் போயிட்டேன்."

வருகைப் பதிவேடும் அதையேதான் சொல்லுச்சு.

13ம் தேதி சர்வர்ல எடம் பத்தலைன்னு மூடிப்போன கம்பெனிகளோட பழைய ஃபோல்டரை எல்லாம் ஒழிச்சது யாருன்னு ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். பேரு இல்லாம எண்ணா இருக்கிற ஃபோல்டர்ல 27க்கும் 72க்கும் எம்புட்டு வித்தியாசம்? யாரும் யார் முகத்தையும் பாக்கல. கொஞ்ச நேரம் கழிச்சு அண்ணன், "சரி சரி, எல்லாருக்கும் பருத்திப்பால் சொல்லுங்கப்பா"ன்னாரு. அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. பருத்திப்பால் நல்லாத்தான் இருந்துச்சு.

இந்தத் திறந்து பாக்குற விசயத்துல பெரிய பெரிய ஆளுங்களே சறுக்கியிருக்காங்க. 2017 ஜனவரி 31ல கிட்லேப் ஆளு ஒருத்தர், தப்பான சர்வர்ல டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிச்சிட்டாரு. 300 ஜிபி இருந்த எடத்துல 4.5 ஜிபி மிச்சம். பேக்கப்புக்கு அஞ்சு விதமான ஏற்பாடு வச்சிருந்தாங்க. தினம் ஓட வேண்டிய பேக்கப், பதிப்பு ஒத்துப்போகாததால ரொம்ப நாளா ஓடவே இல்ல. ஓடலைன்னு அது அனுப்பின மெயிலும் யாருக்கும் போய்ச் சேரல. கடைசியில காப்பாத்தினது, ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி வேற ஒரு வேலைக்காக ஒருத்தர் கையால எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட். அவங்க பண்ணின நல்ல காரியம், இதையெல்லாம் மறைக்காம வெளிய எழுதி, மீட்கிற வேலையை யூட்யூப்ல நேரலையாவே காட்டினது. நம்ம ஊர்ல இந்த மாதிரி ஒரு அறிக்கை எந்தக் கம்பெனிகிட்டருந்தும் வந்து நான் படிச்சதில்ல.

தனி ஃபைலு எடுக்க முடியாத சூழ்நிலைகளும் இருக்கு. விண்டோஸ் மெஷினுக்குள்ள பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருந்தா, வெளியிலருந்து பாக்குற நம்ம குட்டி லினக்ஸுக்குப் பொருளடக்கமே தெரியாது; அப்ப மொத்த மெஷினையும் வேற பேருல, நெட்வொர்க்கைத் துண்டிச்சு, ஓரமாக் கிளப்பி உள்ள போய்த்தான் எடுக்கணும். எஸ்க்யூஎல் மாதிரி டேட்டாபேஸா இருந்தா ஃபைலை மட்டும் பொறுக்கிட்டு வர்றது ஆபத்தான விளையாட்டு. அப்புறம் ரான்சம்வேர் கேஸ்ல, பூட்டு எப்பப் போட்டான்னு தேதி கண்டுபிடிக்கிறதுதான் முக்கால்வாசி வேலை. நான் 18லருந்து 12 வரைக்கும் ஒவ்வொன்னா இறங்கின மாதிரி இறங்கணும், 7 படி போதுமான்னு முன்கூட்டியே யாருக்கும் தெரியாது.

ஒரே கட்டடத்துல ரெண்டு பொட்டியும் இருக்கிறதும் எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. தென் கொரியாவுல, தேஜான் நகரத்துல அரசாங்க டேட்டா சென்டர்ல 2025 செப்டம்பர் 26 பேட்டரி தீப்பிடிச்சு, அரசு ஊழியர்கள் ஃபைல் வச்சிருந்த ஜி-டிரைவ் 858 டெராபைட் போச்சு. ரொம்பப் பெருசுன்னு வெளிய காப்பியே வைக்கலையாம். அந்தச் செய்தி வந்த அன்னிக்கு அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரு வாரத்துல ஒரு காப்பி சிம்மக்கல்ல இருக்கிற அவரு மச்சான் வீட்டுக்கும் போக ஆரம்பிச்சிடுச்சு. மனுசன் பேச மாட்டாரே தவிர, வேலை நடந்துரும்.

7 நாள் கணக்கை மட்டும் அந்த ஞாயித்துக்கிழமையே மாத்தியாச்சு. "நாளைக் கூட்டினா டிஸ்க் ரொம்பிடாதா தம்பி?"ன்னு பயந்தாரு. ப்ராக்ஸ்மாக்ஸ் டிஸ்கை 4 எம்பி துண்டுகளா வெட்டித்தான் வைக்கும், ஒரே மாதிரி துண்டை ரெண்டு தடவை வைக்காது. இவங்க ஆபீஸ்ல ஒரு நாளைக்கு மாறுறது கொஞ்சூண்டுதான், அதனால 30 நாள் வச்சாலும் நாலு மடங்கு எடம் கேக்காதுன்னு விளக்கினேன். நாள் கணக்குல 30, மாசக் கணக்குல 12ன்னு போட்டேன். அதுக்கப்புறம்தான் அவரு ஒன்னு சொன்னாரு. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை, வருசாந்திர ரிட்டர்ன் கெடுவுலருந்து 72 மாசம் பத்திரமா வச்சிருக்கணுமாம். 72 மாசத்துக்கு வச்சிருக்க வேண்டிய கணக்கு, 7 நாள்ல மறந்துடுற பொட்டியில இருந்திருக்கு. "அப்ப அதையும் சேத்துப் போட்டு விட்ருங்க தம்பி"ன்னாரு. வருசக் கணக்குல 7ன்னு ஒரு வரியும் சேத்தாச்சு.

டிஸ்கி: அந்தப் பொண்ணு இப்பவும் அங்கதான் வேலை பாக்குது. மாசத்துல ஒரு நாள் பேக்கப்லருந்து ஏதாவது ஒரு ஃபோல்டரை எடுத்துத் திறந்து பாத்து, பாக்கித் தொகையை ஒப்பிட்டு, நோட்டுல தேதி போட்டுக் கையெழுத்து வைக்குது. போன வாரம் பாத்தப்ப, "அண்ணே, பிட்லாக்கர்னா என்னாண்ணே?"ன்னு கேட்டுச்சு. எனக்குப் போட்டி ரெடி :-)